நினைவுத்தூணில் ஒரு கை

மரகதத்தை அடித்துக் கொன்ற பேருந்து நிறுத்தத்தில் நினைவுத்தூண் வைத்திருக்கிறார்கள். ரத்த உறவு கை வைத்தால் அவள் குரலிலேயே பேசும். மற்றவர்களுக்கு அது வெறும் கல்.

வீட்டிலிருந்து விரட்டப்பட்டவளை, திருநங்கைகள் கூடும் ஜமாத்தில் மடிகட்டி மகளாக எடுத்தவள் நான். சந்தையில் மூட்டை தூக்கிச் சோறு போட்டேன். என் கைக்குத் தூண் வாய் திறக்காது.

அவள் நினைவு நாளில் திருநங்கைகள் நாங்கள் எல்லோரும் மெழுகுவத்தியோடு நின்றோம். விரட்டிய சிவகாமி, பெற்றவள் என்ற உரிமையோடு மாலை கொண்டுவந்தாள். 

"மகராசி இன்னிக்குத்தான் வழி கண்டுபிடிச்சாளாக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற ரோசி.

"அந்தக் கைய ஒடைக்கணும்டி."

சிவகாமி தூணில் கை வைத்து, பழைய ஆண்பெயரைச் சொல்லி, "அம்மா வந்திருக்கேன்டா" என்றாள்.

தூண் பேசியது. "வந்துட்டியாம்மா? முட்டிக்குத் தைலம் தேச்சியா? நாளைக்கு மூட்டைக்கு நான் போறேன், நீ படு."

சிவகாமி விழித்தாள். மெதுவாகத் திரும்பி என் வீங்கிய முட்டியைப் பார்த்தாள். பிறகு கையை எடுக்காமலே நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க பேசுங்கக்கா. நான் புடிச்சுக்கிறேன்."

என் மகளோடு பேசவும் அவள் கைதான் வேண்டியிருந்தது. அது மரத்துப்போகும்வரை பேசினேன்.