பழைய பதிப்பு

புளியந்தீவுக் கணினிக் கடையில் தனுசன் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, நீங்க கேட்ட வெப்சைட் செய்யிற பிரேம்வேர்க் சரியான பழசு. புதுசையும் சும்மாதானே தாறாங்க, அதைப் போட்டுத் தரட்டா?"

"வேணாம் தம்பி, பழசுதான் வேணும். இதை விட்டா எனக்கு வேற வழியில்ல," என்றாள் சுலோஜனா.

பக்கத்துக் கதிரையில் அவள் கணவன் விஜிதரன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதில வெப்சைட் செய்தீங்க எண்டா ஆராவது பூந்து உடைச்சிருவான், அக்கா."

"சைட் ஒண்டும் செய்யப்போறல்ல. உள்ள இரிக்கிற சோர்ஸ் கோட்டைத் திறங்க. திகதி காட்டுற பகுதி."

தனுசன் திறந்து பார்த்துச் சிரித்தான். "ஆர் எழுதின கோட் இது? தலையைச் சுத்துது! அதுதான் புதுசில முழுசாத் தூக்கிட்டானுகள்."

"இவர்தான் எழுதிக் குடுத்தவர்."

தனுசனின் சிரிப்பு நின்றது. "சொறி அண்ணன்..."

"அவருக்கு ஒண்டும் விளங்காது தம்பி. மோட்டார்சைக்கிள்ள விழுந்ததில இருந்து எல்லாம் மறந்துபோச்சு. பழகினதைக் காட்டிப் பாருங்க எண்டு டொக்டர் சொன்னவர். கலியாண அல்பம், வீடு, கோயில் எல்லாம் காட்டிட்டன். மிஞ்சினது இதுதான்."

அவள் திரையைக் கணவன் பக்கம் திருப்பினாள்.

விஜிதரனின் விரல் மெதுவாக வரிகளின் மேல் ஓடியது. கண்கள் விரிந்தன.

"இது நான் எழுதினது!"

சுலோஜனா விம்மிக்கொண்டு அவன் கையைப் பற்றினாள்.

அவன் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டு தனுசனிடம் குனிந்தான்.

"தம்பி, இவங்க ஆர்?"