மூத்தவளுக்குப் போட்ட மேக்கப்

இளைய மகளின் கல்யாணம் முடிந்த மறுநாளே நேசபாய் கருங்கல் டவுனுக்கு ஆட்டோ பிடித்தாள். மாடிப்படி ஏறி சபிதாவின் பியூட்டி பார்லருக்குள் நுழைந்தவள் உட்காரக்கூட இல்லை.

"ஊரெல்லாம் உனக்க வேல கொள்ளாம்ணு சொன்னதாலதான் உன்னைக் கூப்பிட்டேன். இப்பிடிச் செய்து வச்சிட்டியே பிள்ளே."

சபிதா கழுவிக்கொண்டிருந்த பிரஷைக் கீழே வைத்தாள். "இருங்க மாமி. கல்யாணப் பொண்ணுக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"அவளுக்க காரியத்துக்கு நான் வரல. மூத்தவளுக்குப் போட்டியே, அதக் கேக்கத்தான் வந்தேன்."

மூத்தவள் ஜாஸ்பின். புருசன் வீட்டிலிருந்து தங்கச்சி கல்யாணத்தன்று விடியற்காலையில் வரும்போதே இடது கன்னம் கன்றிப்போய்த்தான் வந்தாள். பார்த்ததும் நேசபாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. இது முதல் தடவை இல்லை. ஆனால் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த ஜாஸ்பினின் அப்பா செல்வதாஸுக்கு ஒன்றும் தெரியாது. ஃபோனில் அவரிடம் நேசபாய் சொன்னதும் இல்லை, மகளைச் சொல்ல விட்டதும் இல்லை.

அதனால்தான் அவர் கண்ணில் படுவதற்குள் சபிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, "கதவுல இடிச்சிட்டா. வெளிய தெரியாம மறச்சிரு மக்கா" என்றாள்.

சர்ச்சில் ஒன்றும் தெரியவில்லை. மண்டபத்திலும் தெரியவில்லை. போட்டோவுக்கு ஜாஸ்பின் அழகாகத்தான் நின்றாள்.

பெண்ணை அனுப்பி வைக்கும்போதுதான் எல்லாம் கெட்டது. தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழுத ஜாஸ்பின் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். போட்டிருந்தது அத்தனையும் துணியோடு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற செல்வதாஸ் மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது என்ன மக்கா?"

ஜாஸ்பின் புருசன் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அவருக்கு அது போதும்.

மூத்த மருமகன் தனியாகத்தான் ஊருக்குப் போனான்.

"சம்பந்தக்காரங்க நிக்கிற எடத்துல நாணக்கேடாப் போச்சு." நேசபாய் சபிதாவின் முன்னால் நின்றபடியே பொரிந்தாள். "பிள்ள இனி அங்க போவாண்டாம்ணு சொல்லிட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்த பேசல. கல்யாணப் பொண்ணும்தானே அழுதா? அவளுக்குக் கண்மைகூட கலையலியே. கூட நிக்கிறவள யாரு பாக்கப்போறாண்ணு மூத்தவளுக்கு மட்டும் மட்டமான சாமான் போட்டியா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே சாமான்தான் மாமி. அழுதாலும் போகாம இருக்க, கடைசில மேல ஒரு ஸ்ப்ரே அடிப்பேன். ஜாஸ்பினுக்கு அத அடிக்கல."

"மறந்திட்டியா?"

"மறக்கல. கன்னத்துல தொட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. கதவு அப்பிடி இடிக்காது. என்ன செய்யட்டும்ணு அவகிட்டயே கேட்டேன். 'அப்பாகிட்டச் சொல்ல வாய் வரமாட்டேங்கு அக்கா, துடைச்சாப் போற மாதிரி போட்டு விடுங்க'ண்ணு சொன்னா."

நேசபாய் பக்கத்திலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். எதிரே பெரிய கண்ணாடி. அதைப் பார்க்காமல் பேசினாள்.

"உனக்கு எதுக்கு ஏட்டி இந்த வேண்டாத வேல? மறைக்கச் சொன்னா மறைக்கணும். அதுதானே உனக்க தொழில்? இது வெளிய தெரிஞ்சா இனி யாரு உன்னக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவா?"

"கூப்பிடலைண்ணா கஷ்டந்தான். இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஒரு முகத்துல கை வச்சா மத்தது எல்லாம் மறந்துபோகும் எனக்கு." சபிதா மறுபடியும் பிரஷைக் கையில் எடுத்தாள். "ஆனா அந்தப் பிள்ள கேட்டத என்னால மாட்டேன்ணு சொல்ல முடியல."

"எங்க போய்ப் படிச்சியோ இந்தத் தொழில."

கோபத்தில் சொன்னதுதான். சபிதா அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள்.

"எங்கயும் போவல மாமி. எனக்க முகத்துலதான் படிச்சேன். என்னக் கட்டினவரு அடிக்க அடிக்க, போட்டுப் போட்டுக் கை பழகிச்சு. எங்க அப்பா வாரந்தவறாம என்னப் பாக்க வருவாரு. 'பிள்ள சந்தோசமா இருக்கா'ண்ணு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேதான் செத்தாரு. அவ்வளவு சுத்தமா போட்டிருந்தேன்."