காட்டிக்கொடுத்த ஆள்

"குடிக்காதவன் எதுக்குடா வாரம் தவறாம குடிக்கிற வீட்டுக்கு வர்றான்?"

பாரி பொதுவாகத்தான் கேட்டான். ஆனால் கேள்விக்குரிய ஃபெர்கஸ் எதிரிலேயே ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்திருந்தான்.

"தனியா வீட்ல இருந்தா பைத்தியம் பிடிக்குது பாரி. உங்களை விட்டா எனக்கு இங்க யாரு?" என்றான் ஃபெர்கஸ்.

மதுவுக்கே தடை உள்ள சவுதி அரேபியாவின் ஜுபைலில் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் கம்பெனிக் குடியிருப்புக் காம்பவுண்டுக்குள் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்குப் பாரி வீடுதான் போக்கிடம். அவன் குளியலறையில் தண்ணீர் கேன்களில் ஊறல் போட்டு வைத்திருப்பான். கடையில் வாங்கிய திராட்சை ஜூஸ், சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், அப்புறம் கொஞ்சம் பொறுமை. அதற்கு ஒயின் என்று கூசாமல் பெயரும் வைத்திருந்தார்கள். ஊரில் இதை நாய்கூட மோந்து பார்க்காது. இங்கே டம்ளர் டம்ளராக இறங்கும்.

இந்த வாரம் யாருக்கும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான், இதேபோல் வீட்டில் ஊறல் போட்டுவந்த நைஜல் மாட்டிக்கொண்டான். கம்பெனி செக்யூரிட்டி ஆட்கள் நேராக அவன் வீட்டு மாடி அலமாரிக்குப் போய்க் கேன்களைத் தூக்கினார்கள். போலீஸ் காதுக்குப் போகுமுன் கம்பெனியே முந்திக்கொண்டு அன்று மாலையே அவனை லண்டன் விமானத்தில் ஏற்றிவிட்டது. இங்கே அதுதான் வழக்கம். ஜெயில், வழக்கு என்று போனால் கம்பெனிக்குத்தான் தலைவலி.

இத்தனை வருஷ வேலை ஒரு பெட்டியோடு முடிந்தது. வீட்டைக் காலி செய்ய அவன் மனைவி கிளெண்டா மட்டும் தங்கியிருந்தாள். சோபா ஓரத்தில் கண் வீங்கி உட்கார்ந்திருந்தவளைப் பெண்கள் மாறி மாறித் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நேரா அலமாரிக்குப் போயிருக்கானுங்க. தெரிஞ்சவன் சொல்லாம எப்படி?" என்றான் பாரி. "குடிக்கிறவன் சொல்ல மாட்டான். அவன் தலையும் சேர்ந்துல்ல உருளும்?"

ஒரு டம்ளர் நிறைய ஊற்றி ஃபெர்கஸ் முன்னால் வைத்தான்.

"இதைக் குடி. குடிச்சிட்டா நீ நம்ம ஆளு. எல்லார் முன்னாடியும் உங்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

ஃபெர்கஸ் டம்ளரையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கை பாதி தூரம் போய், திரும்பவும் மடிக்கே வந்துவிட்டது.

"வேணாம், பாரி."

"கையை ஏன்டா இழுத்துக்கிட்ட?"

ஃபெர்கஸ் டம்ளரை அவன் பக்கமே நகர்த்தி வைத்தான்.

"செவ்வாய்க்கிழமை காலைல செக்யூரிட்டி ஆபீஸ் வாசல்ல நீ நின்னதை என் டிரைவர் பாத்திருக்கான். இல்லைன்னு சொல்லேன் பாப்போம்."

"நின்னேன். கேட் பாஸ் புதுப்பிக்கப் போனேன்."

"நல்ல கதை. அப்போ அங்க வேற யாரு இருந்தா?"

கிளெண்டா தலை நிமிர்ந்தாள். எல்லோருடைய கண்ணும் ஃபெர்கஸ் மேல் இருந்தது.

"வேற யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"அப்ப நீதான்."

"அப்படியே வச்சுக்கங்க" என்றான் ஃபெர்கஸ் அலுப்போடு.

"த்தூ! ஒருத்தன் பொழப்பைக் கெடுத்துட்டு அவன் பொண்டாட்டி எதிர்லயே உக்காந்து ஜூஸ் குடிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா? இனிமே இந்த வாசல்படி ஏறாதே. சைட்டுக்குப் போற வண்டியிலயும் என் பக்கத்துல உக்காராதே."

ஃபெர்கஸ் தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தான். ஒருவரும் தடுக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

கிளெண்டா.

"நில்லுங்க. அன்னைக்கு நான் செக்யூரிட்டி ஆபீஸ் உள்ளேர்ந்து வரும்போது எனக்குக் கதவைத் திறந்து விட்டதே நீங்கதானே?"

"ஆமா."

"பின்னே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா இந்நேரம் பாரி உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருப்பான்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு நாளாக யாரிடமும் சொல்லாதது அப்போதுதான் வெளியே வந்தது.

"ஊர்ல குடிச்சுக் குடிச்சு அழியறாரேன்னு நான்தான் வற்புறுத்தி இந்த நாட்டு வேலைக்குக் கூட்டிட்டு வந்தேன். இங்க தொட்டாலே ஜெயிலாமே, எப்படியும் விட்ருவாருன்னு நம்பினேன். இவரு வீட்டுக்குள்ளயே ஊறல் போட ஆரம்பிச்சிட்டாரு. ஈரல் பாதி போச்சுன்னு டாக்டர் சொல்லியும் கேக்கலை. அதான் நானே போய்ச் சொன்னேன். எங்க பையன் லண்டன் ஏர்போர்ட்ல காத்திருந்து நேரா ஆஸ்பத்திரியில சேத்துட்டான். நான்தான்னு தெரிஞ்சா அவரு மாத்திரையைக்கூட என் கையால வாங்க மாட்டாரு."

"தெரிய வேணாம்."

"உங்க கதி? நான் நாளைக்குப் போயிருவேன். நீங்க இவங்களோட இல்ல இருந்தாகணும்? நான் பண்ண துரோகத்துக்கு நீங்க ஏன் பழி சுமக்கணும்?"

"துரோகமா?" ஃபெர்கஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "என் பொண்டாட்டி ரொம்ப நல்லவ, கிளெண்டா. நான் போதையில கிடந்தா ஆபீசுக்குப் போன் போட்டுக் காய்ச்சல்னு சொல்லுவா. பாட்டிலையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தெரியாம அவளே கொண்டுபோய்ப் போட்டுட்டு வருவா. பொறுத்துப் பொறுத்துப் பாத்து, கடைசியில முடியாம பிரிஞ்சு போயிட்டா."

கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அவ மட்டும் ஒரே ஒரு தடவை என்னைக் காட்டிக்கொடுத்திருந்தா, இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்திருப்போம்."