ஆளில்லாத வாசல்

"மனித உருவமே இல்லாத இந்த வாசல், மகனைப் போருக்கு அனுப்பிய வீடுகளின் வெறுமை," என்றார் நடுவர் லவினியா அம்மையார்.

கான்சாஸ் மாவட்டக் கண்காட்சி. ஊரின் ஆயுதக் கிடங்கைத் தீட்டிய ஓவியத்தில் குத்துவதற்காக, முதல் பரிசின் நீல நாடா அவர் விரல்களில் காத்திருந்தது.

"அம்மா, அது வெறும் வாசலுங்க," என்றார் ஓவியர் ஆரின்.

கண்ணால் கண்டதை மட்டுமே தீட்டுவேன் என்று மார்தட்டுபவர் அவர். சாய்ந்திருந்த தேவாலயக் கோபுரத்தைச் சாய்ந்தபடியே வரைந்து, பாதிரியாரின் பகையைச் சம்பாதித்தவர்.

சிறப்பு விருந்தினரான கர்னல் தார்ப் படத்தை நெருங்கினார்.

"யுத்த காலம். அந்த வாசல்ல எப்பவும் ஒரு காவலாளி நிக்கணும். நீங்க பார்த்ததைத்தான் வரைவீங்கன்னு ஊரே சொல்லுது. அப்ப அவன் எங்க போனான்?"

சார்ஜென்ட் வாஸுக்குப் பின்னால் நின்ற சிப்பாய் வெண்டெலின் முகம் வெளுத்தது. காவலிடத்தை விட்டு அகன்றவனுக்குச் சிறை நிச்சயம்.

ஆரின் தொண்டையைச் செருமினார்.

"அவன் அங்கதான் நின்னான் சார். எனக்குத்தான் ஆள் வரைய வராது."

கர்னலின் முதுகுக்குப் பின்னால், எதிர்ச்சுவரில், ஆரின் தீட்டிய அறுவடை விருந்து தொங்கியது. சோளக்கதிரைக் கடிக்கும் பல்லில்லாத கிழவர் உட்பட ஊரே அதில் உயிரோடு அமர்ந்திருந்தது. ஆப்பிள் பலகாரம் விற்கும் பெர்த்தா மெல்ல நகர்ந்து, தன் அகன்ற முதுகால் அதை மறைத்தாள்.

"பாவங்க, சின்ன வயசுலேர்ந்தே அவருக்கு மூக்கு வரைஞ்சா உருளைக்கிழங்கா வரும்," என்றாள்.

கர்னல் சிரித்துவிட்டார்.

"ஆள் வரையத் தெரியாதவருக்கா முதல் பரிசு?" லவினியா அம்மையார் நீல நாடாவைப் பக்கத்திலிருந்த பூசணிக்காய் ஓவியத்தில் குத்தினார்.

"அந்த வெறுமை என்னம்மா ஆச்சு?" என்று பெர்த்தா கேட்டது அவர் காதில் விழவில்லை.

கர்னல் புறப்பட்டதும் சார்ஜென்ட் வாஸ், விறைத்த முகத்துடன் ஆரின் அருகே வந்தார்.

"அன்னிக்கு நானும் ஜன்னல்ல நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன், ஆரின். இனிமே காத்தடிச்சா, உங்க படம் பறக்காம பிடிச்சுக்க என்னைக் கூப்பிடுங்க; வெண்டெலை வாசல்லயே விட்டுடுங்க."