பிரிக்காத பெட்டி

இந்திராணியின் அலமாரியில் பொம்மைக் குதிரைகள் எல்லாம் பெட்டிக்குள்தான் நிற்கும். பிரித்துவிட்டால் மதிப்புப் போய்விடும் என்று குதிரை சேர்ப்பவர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். அவளும் இதுவரை ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. புதிதாக ஒரு சாம்பல் குதிரை டவுனில் ஒரே ஒரு கடைக்கு மட்டும் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அதற்கென்று நடுத்தட்டில் இடம் ஒதுக்கித் துடைத்துத் துடைத்து வைத்தாள். வந்த அன்று கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கண் வரைந்திருப்பதைப் பார்த்து, நல்ல முழியாக இருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதையாவது மூச்சு விட விடேன்," என்றார் கணவர் தயாளன்.

"சும்மா இருங்க. பிரிச்சா பிரிச்சதுதான்."

அவர் விடவில்லை. சமையலறையிலிருந்து ஒரு கை கொள்ளு அள்ளிவந்து பெட்டியின் முன்னால் வைத்தார். "பசிச்சா சாப்பிடு தாயி," என்று குதிரையிடம் சொல்லிவிட்டுச் சிரித்தபடியே படுக்கப் போனார்.

காலையில் கொள்ளைக் காணோம்.

"ஏங்க, நீங்க எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? எலியா இருக்கும்."

இந்திராணி பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். டேப் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. முன்பக்கத்துக் கண்ணாடித் தாளுக்கு உள்ளே, குளம்புக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கொள்ளு கிடந்தது.

பெட்டியை மெல்ல மேசைமேல் வைத்தாள். பிறகு அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். தயாளன் ஆவலாக முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் மெதுவாக. "மிரண்டுடும்."