முக்காலில் பாதி

விடைத்தாளின் ஓரத்தில் மடிப்பு இருந்தது. அதுதான் குற்றம்.

கணக்கு டீச்சர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தை நாலாக மடித்து, குறுக்கே இன்னொரு மடிப்பு. எட்டுக் கட்டம். அதில் மூன்றுக்குள் கோடு கிழித்திருந்தது.

முக்காலில் பாதி எவ்வளவு என்பது கேள்வி. எட்டில் மூன்று என்று எழுதியிருந்தது. சரியான விடை.

"யாருடி சொல்லிக் கொடுத்தா?"

எதிரே நின்றவளைப் பள்ளிக்கூடத்தில் குச்சி என்றால்தான் தெரியும். அவ்வளவு ஒல்லி.

ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவு. இரண்டுக்கும் கணக்கு இதே டீச்சர்தான். இந்த வருஷம் அவர் ஓர் ஆய்வு செய்தார். ஏ பிரிவுக்குக் காகிதத்தை மடிக்க வைத்துப் பின்னம் சொல்லித் தருவது. பி பிரிவுக்குப் பழையபடி கரும்பலகையில் எழுதிப் போடுவது. கடைசியில் இரண்டு பிரிவின் மார்க்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மடிக்கும் முறை எவ்வளவு உசத்தி என்று காட்டுவது.

குச்சி பி பிரிவு.

"நாளைக்கு வாத்தியாருங்க கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி நான் எதைக் காட்டுவேன்? பி பிரிவுல பாதிப் பேர் மடிச்சுப் போட்டிருக்கீங்க. உன்கிட்டேர்ந்துதான் பரவிருக்கு."

பரவியதாம். சொறிசிரங்கு மாதிரி.

குச்சிக்குக் காது மடல் சுட்டது.

"அப்ப நாங்க தப்பாப் போட்டிருக்கணுமா, டீச்சர்?"

கேட்டது தான்தான் என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"வாயப் பாரு! ஏ பிரிவுல யாருன்னு சொல்லிடு, உன் மார்க்குல கை வைக்க மாட்டேன். சொல்லலைன்னா காப்பின்னு எழுதி முட்டை போட்டுடுவேன்."

முட்டை போட்டால் என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியாது. குச்சிக்குத் தெரியும். கணக்கில் தேறினால் பள்ளிக்கூடம், தேறாவிட்டால் அக்காவோடு தையல் கம்பெனி என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

தாளில் எழுபத்தொன்று இருந்தது. கணக்கில் அவள் நாற்பதைத் தாண்டியதே இல்லை.

திருடினால் யாருக்காவது ஏதாவது குறைய வேண்டும். இங்கே யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?

சொல்லிக் கொடுத்தவள் ஏ பிரிவின் சோடாபுட்டி. சாப்பாட்டு இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, மிட்டாய்த் தாளை மடித்து மடித்துக் காட்டுவாள். புரிகிறவரை விடமாட்டாள். உனக்குப் புரியாம எனக்குச் சோறு இறங்காதுடி என்பாள்.

நான்தான்னு மட்டும் மூச்சு விட்டுடாதே, வீட்டுல என் தோலை உரிச்சிடுவாங்க என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

உரித்துத்தான் விடுவார்கள். குச்சிக்கும் தெரியும்.

"நானாத்தான் கத்துக்கிட்டேன்," என்றாள்.

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். எழுபத்தொன்றின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் முட்டை. கை நடுங்காமல் போட்ட முட்டை, வட்டம் பிசகவே இல்லை.

"அப்பாகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வா."

வராந்தாத் தூணில் சாய்ந்தபடி சோடாபுட்டி காத்திருந்தாள். சொல்லிட்டியா என்று கண்ணாலேயே கேட்டாள். குச்சி இல்லையென்று தலையாட்டினாள். பிறகு தாளை விரித்துக் காட்டினாள்.

சோடாபுட்டியின் முகம் வெளுத்துப்போனது.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போதே சொன்னால், மை காய்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

பின்னால் அறையைப் பூட்டும் சத்தம் கேட்டது. டீச்சர் வந்தார். சாப்பாட்டுப் பையைச் சோடாபுட்டியின் தோளில் மாட்டிவிட்டார்.

"வாடி வீட்டுக்கு. உங்கப்பா வேற வந்திருப்பாரு."

சோடாபுட்டி குச்சியைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"சரிம்மா," என்றாள்.