ஓங்கிய கை

"உங்கப்பா குடிச்சிட்டு வந்து அடிப்பாரா?" என்று மேடைக் கவிதை சொல்லித்தரும் நளாயினி அக்கா கேட்டபோது, இல்லையென்று சொல்லப் பூவரசிக்குக் கூச்சமாக இருந்தது. வகுப்பில் மற்ற பெண்களெல்லாம் தங்கள் காயங்களைச் சொல்லி அழுது முடித்திருந்தார்கள். "ஆமாக்கா" என்றாள். "அப்ப அதையே எழுது. ஸ்கூல்ல ஒப்பிக்கிற மாதிரி நிக்காத. அந்தக் கை எங்க கண்ணுக்குத் தெரியணும்."

போட்டியன்று கடைசி வரியில், அடிக்க வரும் அப்பனாகவே வலது கையை ஓங்கி அப்படியே நிறுத்தினாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. விளக்குகள் எரிந்தபோது, வர முடியாது என்று சொல்லியிருந்த அப்பா கடைசி வரிசையில் நிற்பது தெரிந்தது. இறங்கி ஓடினாள். "புள்ளைய இந்த அடி அடிச்சிருக்கான். இவனெல்லாம் ஒரு அப்பனா சார்?" என்று பக்கத்திலிருந்தவர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் தலையாட்டினார்.

"அப்பா" என்று கூப்பிட்டுவிட்டாள். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் பின்னல் அவிழ்ந்து கிடந்தது. காலையில் அதைப் பின்னிவிட்ட அப்பாவின் கை, சரிசெய்வதற்காகத் தானாக உயர்ந்தது. சுற்றியிருந்தவர்களின் பேச்சு நின்றது. அப்பா அந்தக் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.